கும்பகோணத்து வங்கித் தெருக்களை முழு வணிகப் பகுதியாக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பெரிய தெருவை ஒட்டிய சின்னத் தெரு ஒன்றில் உங்கள் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. இரண்டு பக்கமும் வங்கி, நகைக்கடன் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ் என்று வந்துவிட்டன. ஒரு பில்டர் ஐந்து மாடி கட்டிப் பாதியைத் தருவதாகச் சொல்கிறார். நீங்கள் கேட்டது: "இந்தப் பகுதியை மாஸ்டர் பிளானில் முழு நிதி மையமாக அறிவித்து, உயரமாகக் கட்ட விட்டால் ஊர் வளரும்தானே?" கேள்வி ஊரைப் பற்றியது போலத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது, வீட்டை இப்போதே கொடுத்துவிடலாமா, பொறுத்திருந்தால் இன்னும் நல்ல விலை வருமா என்பது. இரண்டும் ஒரே கேள்விதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் நகரமைப்புத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம்தான். உங்கள் பத்திரத்தையோ பட்டாவையோ நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் சர்வே எண்ணுக்கு இதுதான் முடிவு என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். சட்டம் சொல்வது எது, என் அனுபவம் சொல்வது எது, என் ஊகம் எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் பணத் தெரு எந்தத் திட்டத்தாலும் வரவில்லை. 1904இல் கும்பகோணம் பாங்க் என்ற பெயரில் தொடங்கிய வங்கிதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. இன்றும் அதன் தலைமை அலுவலகம் பெரிய தெருவில் இருக்கிறது. இப்படி ஒரு வங்கியின் தலைமையிடம் சென்னைக்குப் போகாமல் ஒரு டெல்டா ஊரிலேயே நூறு வருஷத்துக்கு மேல் நிற்பதற்குக் காரணம் வயல்தான். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, நாற்று என்று கையில் காசு வேண்டும். நகை உள்ளே போகும். தை அறுப்பு முடிந்து நெல் காசானதும் நகை வெளியே வரும். அந்தச் சுழற்சியைத் தெரிந்தவர்கள் நடத்திய வங்கிகளும் நிதிகளும் கடைவீதியோடு ஒட்டி வளர்ந்தன. வெற்றிலை மண்டி, பாத்திரக்கடை, பட்டுக்கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

வேலையில் இருந்தபோது ஒரு ஆனி மாதம், போக்குவரத்துக் கணக்கெடுப்புக்காக உங்கள் பகுதியில் ஒரு திங்கட்கிழமை முழுவதும் நின்றேன். காலை பத்தேகாலுக்கு வலங்கைமான் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு அம்மா, மஞ்சள் பையை மாராப்புக்குள் அணைத்துக்கொண்டு வங்கிப் படியேறினார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் நேரே பஸ்ஸுக்குப் போகவில்லை. எதிரே காபி குடித்தார், பக்கத்துக் கடையில் பித்தளைக் குடத்துக்கு ஈயம் பூசக் கொடுத்தார், மாத்திரை வாங்கினார், மாடியில் இருந்த வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்து ஏதோ நகல் வாங்கினார், அப்புறம் உரக்கடைக்கு நடந்தார். எல்லாம் இருநூறு அடிக்குள். என் படிவத்தில் அவருடைய பயணத்துக்கு 'நோக்கம்: வங்கி' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. அந்தத் தெருவின் பலம் வங்கியில் இல்லை, வங்கியிலிருந்து இறங்கியதும் கிடைக்கும் மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது. முழு நிதி மையம் என்று சொல்லி வங்கியை மட்டும் வைத்துக்கொண்டு காபிக்கடையையும் ஈயம் பூசுகிறவரையும் வாடகையால் விரட்டினால் மிஞ்சுவது ஒரு கவுண்டர் வரிசை மட்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இதில் சந்தேகம் இல்லாத பகுதி இது. மாஸ்டர் பிளான், அதாவது ஊரில் எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் திட்டம், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன்படி போடப்படுகிறது. வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், விவசாயத்துக்குப் பச்சை. உங்கள் தெரு நீலமானால் வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று ஆகாது. வணிகப் பகுதியில் வீடும் இருக்கலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் நீலம் அடித்த மறுநாளே மனை மதிப்பும் வாடகை எதிர்பார்ப்பும் ஏறும். சட்டம் விரட்டாதவர்களை விலை விரட்டும். அறிவிப்பு வந்தால் ஊர் வளரும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

உயரத்தைப் பற்றி. 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்குள் இருந்தால் அது உயரமில்லாத கட்டடம். அதற்கு அடிப்படை எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு. அதற்கு மேல் போய் 3.25 முழுதாக வேண்டுமென்றால் முன்னால் 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி, அகலச் சாலை வேண்டும். நீங்கள் சொல்லும் தெருவில் எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று திண்ணையோடு ஒட்டி நிற்க வேண்டும். ஆகவே மாஸ்டர் பிளானில் எந்த வண்ணம் வந்தாலும், உங்கள் தெருவில் வானளாவிய கட்டடம் வராது. பில்டர் சொல்லும் ஐந்து மாடி என்பதே உச்சம்.

அந்த ஐந்து மாடியும் காகிதத்தில்தான் அழகு. நம் ஊர் மனையின் வடிவம் உங்களுக்குத் தெரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை என்று நீளவாக்கில் போகும். 24 அடி அகலம், 180 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,320 சதுர அடி. இரண்டு மடங்கு என்றால் 8,640 சதுர அடி கட்டலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படிக்கட்டும் லிஃப்ட்டும் அகலத்தில் ஒன்பது, பத்து அடியை எடுத்துக்கொள்ளும். கீழே காரைக் குறுக்காக நிறுத்த காருக்கு 5 மீட்டர், போக வர மூன்றரை மீட்டர், ஆக 28 அடி வேண்டும். இருப்பது 24, சுவர் போக 22. ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் நடுவில் இருப்பவர் கிளம்ப முன்னால் நிற்பவர் இறங்கி வர வேண்டும். முற்றத்தை மூடினால் நடு அறைகளுக்கு வெளிச்சம் கிடையாது, பகலிலும் டியூப்லைட்தான். எதிர்ச் சந்தில் இரண்டு குடும்பங்கள் இப்படிக் கட்டிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு மேல் வாடகைக்கு ஆளில்லாமல் வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து மனைகளைச் சேர்த்துக் கட்டினால் கணக்கு சரியாகும் என்று பில்டர் சொல்வார். உண்மைதான். அப்படிச் சேர்ப்பதில்தான் தெருவின் உருவம் போகும் என்பதும் உண்மை.

கீழே நிலவறை தோண்டிக் காரை நிறுத்தலாமே என்பது அடுத்த யோசனை. இதில் நான் மிகவும் பிடிவாதமானவன். கும்பகோணம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவில் வண்டல் மண் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் பழைய கிணறுகளில் குனிந்து சொம்பால் மொள்ளலாம். நான் பணியில் இருந்தபோது ஒரு இடத்தில் நிலவறைக்காகப் பன்னிரண்டு அடி தோண்டினார்கள். மூன்று மோட்டார் வைத்து இரவு பகலாக நீரை இறைத்துச் சாக்கடையில் விட்டார்கள். நான்காம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கூடத்துச் சுவரில், சுண்ணாம்புக் காரை போட்ட சுவர் அது, தூணுக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். காலையில் அவர் பென்சிலால் முனையைக் குறித்து வைத்திருந்தார். மாலையில் கீறல் அந்தக் குறியைத் தாண்டி நாலு விரல்கடை இறங்கியிருந்தது. நீரை இறைத்தால் நீரோடு நுண்மணலும் வரும், அடிமண் அமுங்கும். தூண் அடித்தளம் போட்ட புதுக் கட்டடம் நிற்கும். மூன்றடி கூட அஸ்திவாரம் இல்லாத பழைய வீடு உட்காரும். பொதுச் சுவரும் ஒட்டுச் சுவருமாக இருக்கும் தெருவில் ஒரு வீட்டின் தோண்டல் நாலு வீட்டை அசைக்கும். டெல்டா ஊரின் நடுப்பகுதியில் நிலவறை வேண்டாம் என்று திட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் இன்று அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

கோபுரத்தையும் சொல்ல வேண்டும். சாரங்கபாணி கோயில் ராஜகோபுரம் 170 அடிக்கு மேல். ரயிலில் வரும்போது ஊர் வந்துவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் பெட்டியை எடுப்போம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. இது பழைய ஊர்களின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். உலகத்தின் பெரிய பணச் சந்தைகளில் ஒன்றான லண்டன் சிட்டி பகுதியில், செயின்ட் பால் தேவாலயத்தின் மாடம் தெரிய வேண்டும் என்பதற்காக 1930களிலிருந்தே சுற்றியுள்ள கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தி வருகிறார்கள். அதனால் அங்கே பணம் வராமல் போகவில்லை.

அதே லண்டனிலிருந்து இன்னொரு பாடம். அந்தச் சிட்டியில் பகலில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் சுமார் 8,600 பேர்தான். நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டனிலும் ஆபீஸ்கள் மட்டுமே நிறைந்து சாயங்காலம் வெறிச்சோடியது. 1995இல் ஆபீஸ் கட்டடங்களை வீடாக மாற்றினால் வரிச்சலுகை என்று அறிவித்து மறுபடி ஆட்களைக் குடியேற்றினார்கள். அவர்கள் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கிய ஒன்று உங்கள் தெருவில் இன்னும் சும்மாவே இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மாடியில் விளக்கெரிகிறது, யாரோ குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள், வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நகையும் ரொக்கமும் வைத்திருக்கும் தெருவுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. ஷட்டர் மட்டுமே இருக்கும் தெருவில் ஒரு வாட்ச்மேன் என்ன செய்வார்?

தீயைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் கட்டட உயரத்தைப் பேச எனக்கு மனம் வராது. 2004 ஜூலை 16 அன்று நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகள் எரிந்து போனார்கள். குறுகலான படி, மேலே கீற்றுக் கூரை, வெளியேற வழியில்லை. அதற்கப்புறம் எந்த வரைபடம் என் மேஜைக்கு வந்தாலும் நான் முதலில் பார்த்தது படிக்கட்டைத்தான். பிறகு தெரு முனையில் தீயணைப்பு வண்டி திரும்புமா என்று பார்ப்பேன். உங்கள் தெருவுக்குள் அந்த வண்டி நுழையும். எதிரே ஏடிஎம் வாசலில் நாலு பைக் நின்றால் நுழையாது. ஐந்து மாடி கட்டி, ஒவ்வொரு மாடியிலும் முப்பது பேர் வேலை பார்த்து, ஒரே படி வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பில்டரிடம் கேளுங்கள்.

பார்க்கிங் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. ஊருக்கு நடுவில் எவ்வளவு இடம் கொடுத்தாலும் அது நிரம்பும். வெளியே நிறுத்திவிட்டு மினி பஸ்ஸிலோ நடந்தோ வருவதுதான் வழி. ஆனால் ஒன்று. 2028இல் மகாமகம் வருகிறது. 1992இல் குளத்தங்கரையில் நெரிசலில் உயிர்கள் போனதை அங்கே நின்றவர்கள் மறக்க மாட்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லட்சக்கணக்கான பேர் நடக்க வேண்டிய தெருக்கள் இவை. தெருவோரம் கிடைக்கும் ஒவ்வொரு காலி மனையையும் கட்டடமாக்கிவிட்டால் கூட்டம் ஒதுங்க இடம் இருக்காது. கொல்லைப்புறச் சந்துகளைத் திறந்து வைத்தால் அன்றைக்கு அவையே உயிர் காக்கும் வழி.

அப்படியானால் வளர்ச்சியே வேண்டாமா, பைபாஸ் ஓரத்தில் புதிய நிதி மையம் கட்டலாமே என்று கேட்பீர்கள். மும்பையில் அப்படித்தான் செய்தார்கள். தெற்கு மும்பையின் நெரிசலைக் குறைக்க பாந்திரா குர்லா வளாகத்தை 1970களிலிருந்து திட்டமிட்டார்கள். வங்கிகள் அங்கே போயின, திட்டம் வென்றது. ஆனால் அது மித்தி ஆற்றங்கரையின் தாழ்ந்த சதுப்பு நிலத்தை மேடாக்கி எழுந்த வளாகம். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த ஆற்றங்கரை என்ன பாடுபட்டது என்பது ஊரறிந்த கதை. நம் பைபாஸ் இரண்டு பக்கமும் நன்செய். பாசன வாய்க்காலும் வடிகால் வாய்க்காலும் அதற்குள் ஓடுகின்றன. ஒரு வயலை மேடாக்கினால் அதற்கு மேல்புறம் இருக்கும் பத்து வயலுக்கு வடிகால் இல்லாமல் போகும்.

இதில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துவிட்டார்களே, இனி வயல் மனையாகாது என்கிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், மீத்தேன், ஷேல் வாயு எடுப்பதையும், உருக்கு, செம்பு, அலுமினியம், துத்தநாக ஆலைகள், தோல் பதனிடுதல் போன்ற தொழில்களையும். மனைப்பிரிவும் வணிக வளாகமும் அந்தப் பட்டியலில் இல்லை. வயலைக் காப்பது மாஸ்டர் பிளானில் பச்சை வண்ணமும், அதை மாற்ற வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கறாராகப் பார்க்கும் அதிகாரியும்தான். நான் பார்த்தவரை, வண்ணம் மாறுவதற்கு முன்னால் கல் நட்டுவிடுவார்கள், அப்புறம் 'இங்கே விவசாயமே நடக்கவில்லை' என்று எழுதித் தருவார்கள். ஆகவே வெளியே கட்டத்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே கைவிடப்பட்ட பழைய அரிசி ஆலை, கிடங்கு மனைகளை முதலில் பாருங்கள் என்பேன். அரவை நின்றுபோன ஆலைகள் டெல்டா ஊர் எல்லைகளில் நிறைய உண்டு. அகலச் சாலையும் மேடான தரையும் அவற்றுக்கு ஏற்கெனவே இருக்கின்றன. வங்கியின் கணினிப் பிரிவு, பயிற்சி மையம், ஆவணக் காப்பகம் போன்ற வாடிக்கையாளர் வராத பிரிவுகள் அங்கே போகட்டும். வலங்கைமான் அம்மா வரும் கவுண்டர் உங்கள் தெருவிலேயே இருக்கட்டும்.

இனி என் ஊகம். வங்கிக் கிளைகளுக்கு இவ்வளவு இடம் பத்து வருஷம் கழித்தும் தேவைப்படுமா? பணம் அனுப்புவதும் வாங்குவதும் போனுக்குப் போய்விட்டது. ஆனால் நகைக்கடன் போனில் நடக்காது. எடை போட, உரசிப் பார்க்க, பெட்டகத்தில் வைக்க ஆளும் இடமும் வேண்டும். அதனால் டெல்டாவில் கிளைகள் சிறுக்கும், மறையாது என்று நினைக்கிறேன். நான் தவறாகவும் இருக்கலாம். நிச்சயமில்லாதபோது பிரிக்க முடியாத ஒரே பெரிய கட்டடத்தைவிட, தரைத்தளம் கடைக்கோ வங்கிக்கோ, மாடி வீட்டுக்கோ ஆபீஸுக்கோ மாறிக்கொள்ளக்கூடிய சின்னக் கட்டடங்கள் பாதுகாப்பானவை. எனக்கு வாய்ப்பிருந்தால் உங்கள் பகுதிக்கு மாஸ்டர் பிளானுக்குக் கீழே தனியாக ஒரு விரிவான வளர்ச்சித் திட்டம் போடுவேன். அதில் தரைத்தளத்தில் வணிகம், மேலே மூன்று மாடி வரை பாதியாவது குடியிருப்பு, முற்றம் மூடக் கூடாது, நிலவறை கூடாது, ஓலைப்பட்டினம் வாய்க்கால் போன்ற நீர்வழிகளின் மேல் ஸ்லாப் போட்டுக் கடை கட்டக் கூடாது என்று எழுதுவேன்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். முதலில் அடிமனை யாருடையது என்று பாருங்கள். கும்பகோணத்தில் பல வீடுகளில் மேல்கட்டடம்தான் குடும்பத்துக்கு, அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். கோயில் மனை என்றால் 1959இன் அறநிலையத்துறைச் சட்டம் 34ஆம் பிரிவின்படி விற்பனைக்கும் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் ஆணையரின் அனுமதி வேண்டும். பில்டரோடு நீங்கள் போடும் ஒப்பந்தம் அதற்கு முன்னால் நிற்காது. உங்கள் தாத்தா வருஷா வருஷம் பகுதி, அதாவது அடிமனை வாடகை, கட்டிய ரசீது பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மனை உங்களுடையதுதான் என்றால், வண்ணம் மாறும் என்று காத்திருக்க வேண்டாம், அவசரமாக இடிக்கவும் வேண்டாம். முன்கட்டைத் தரைத்தளத்தில் வங்கிக்கோ ஆடிட்டருக்கோ குத்தகைக்கு விட்டு, பின்கட்டையும் மாடியையும் குடியிருப்பாகச் சரிசெய்துகொள்வது நான் பார்த்த குடும்பங்களில் நன்றாக ஓடிய ஏற்பாடு. புதிய வரைவுத் திட்டம் வெளியானால் ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு. உங்கள் மனையில் சாலை விரிவாக்கம் என்று கோடு போட்டிருந்தால் அப்போதே எழுத்தில் கொடுங்கள். அப்படி ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் அரசு எடுக்காவிட்டால், நகர் ஊரமைப்புச் சட்டம் 38ஆம் பிரிவின்படி அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். இதைத் தெரியாமல் பாதி விலைக்கு விற்றவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் ஊருக்குப் போய்க் கொல்லைக் கிணற்றில் கயிறு விட்டு, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பில்டர் கொண்டுவரும் வரைபடத்தில் நிலவறையின் ஆழம் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு எண்களையும் அவர் முன்னால் வைத்துக் கேளுங்கள்.